தனிக் கிளாஸ்

பாலத்துக்கு இந்தப் பக்கம் கல்லிடைக்குறிச்சி,
அந்தப் பக்கம் அம்பை.
நடுவுல மூணு நாளு படம் புடிச்சாவ.
ரெண்டாம் நாளு அவரு எறங்கி வந்து
ஆவுடையப்பன் கடையில ஒரு டீ குடிச்சாரு.

அவ்வளவுதான் நடந்தது.

பாதி டீதான். அதயும் சொல்லணும்லா.
காசு குடுக்கல, கேக்கவும் இல்ல.
மிச்சத்தக் கீழ வச்சதும்
ஒரு பய எடுத்து வாயில வச்சான்,
அவன் வாயில இருந்து இன்னொருத்தன் புடுங்குனான்,
என் கைக்கு வரும்போது
சொட்டு இல்ல.
நான் கழுவிட்டேன்.
எனக்கு அதுதான வேல,
நாளைக்கு முன்னூத்தம்பது ரூவா.
சோப்புத் தண்ணியில ஒரு முக்கு, வாளியில ஒரு முக்கு,
பன்னெண்டோட ஒண்ணாக் கவுத்தாச்சு.

மூச்சு எறைக்க ஓடி வந்தாவ மொதலாளி.
"ஏட்டி முப்பிடாதி, எதுட்டி அது?"
அவிய மொகத்தப் பாத்தேன்.
தாலி கட்டுன அன்னைக்குக் கூட
அப்படி வேத்திருக்காது.
கைக்கு எட்டுன ஒண்ண எடுத்துக் குடுத்தேன்.

மறுநா வடைப்பெட்டி காலி.
உள்ள செவப்புத் துணி, சுத்தி சீரியல் பல்பு,
மேல ஃபிளெக்ஸ்:
'அண்ணன் அருந்திய கோப்பை'.
கிளாஸுன்னு போட்டா
கவுரவமா இருக்காதாம்.
வடை அன்னையில இருந்து
ஈ மொய்க்கத் தட்டுல.

சுரண்டையில இருந்து வந்தாவ,
வள்ளியூர்ல இருந்து ஒரு வேன் நெறைய.
கல்யாணச் சோடி ஒண்ணு மாலையக் கழட்டாம வந்து
பெட்டிக்கு ரெண்டு பக்கமும் நின்னுச்சு.
சேரமாதேவிக்காரன் அஞ்சாயிரத்துக்குக் கேட்டான்,
மொதலாளி கோவப்பட்டுட்டாவ.
ஒரு புள்ள கண்ணாடியில ஒதட்ட வச்சுட்டுப் போச்சு,
தொடச்சது நான்.
கிளாஸு ஓரத்துல கைரேகை தெரியுதாம்.
தெரியும்.
என் ரேகைதான்.

தனியா ஒரு கிளாஸு
இந்தக் கடைக்குப் புதுசு இல்ல.
மொதலாளியோட அப்பா காலத்துல
பொறத்தால வேப்பமரத்து ஆணியில ஒண்ணு தொங்கும்.
எங்கய்யா அதுலதான் குடிப்பாவ.
குடிச்சுட்டு அவியளே கழுவி
அவியளே மாட்டணும்.
ஆணி இன்னும் இருக்கு,
மரம் அத முக்காவாசி முழுங்கிட்டு.

ஆடி அமாவாசைக்கு மொத நாளு,
சொரிமுத்தையன் கோயிலுக்குப் போற கூட்டம்.
கழுவக் கழுவ கிளாஸு காணல.
மொதலாளி பால் வாங்க அம்பைக்குப் போயிருந்தாவ.
வெயிலுமுத்து வந்தான்,
எண்பது மூட சிமெண்டு எறக்கிட்டு.
கண்ணு எம எல்லாம் சாம்ப நெறம்.
"எக்கா, ஒரு டீ."
நிக்கான்.
கிளாஸு இல்ல.
நிக்கான்.

பெட்டியத் தொறந்தேன்.

ஒரு வாய் குடிச்சுட்டு மூஞ்சியச் சுழிச்சான்.
"என்ன எக்கா, ஊதுவத்தி வாட அடிக்கு?
சீனியும் பத்தல."
ஒரு கரண்டி போட்டுக் குடுத்தேன்.
முழுசையும் குடிச்சான்.
மடியில இருந்து சில்லறைய எடுத்து
பன்னெண்டு ரூவாய எண்ணி வச்சுட்டுப் போனான்.
கிளாஸு ஓரத்துல
சிமெண்டு படிஞ்சு ஒரு ஒதடு.

சோப்புத் தண்ணியில ஒரு முக்கு.
வாளியில ஒரு முக்கு.
மத்ததுவளோட கவுத்துட்டேன்.

பாலத்துல பைக்கு சத்தம் கேட்டதும்
ஒண்ண எடுத்துப் பெட்டிக்குள்ள வச்சேன்.
எத வச்சேன்னு கேட்டா
சத்தியமா எனக்குத் தெரியாது.

சாயங்காலம் தென்காசி வேனு.
ஈரம் காயல போல,
கிளாஸு உள்பக்கம் முத்து முத்தா நின்னுச்சு.
"வேத்திருக்கு பாருட்டி"ன்னா ஒருத்தி.
"ஆமாட்டி!"ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டா இன்னொருத்தி.
அந்த வேத்தது
ராத்திரிக்குள்ள எல்லாரு போன்லயும் வந்துட்டு.
மொதலாளி உண்டியல் ஒண்ணுக்குச் சொல்லி விட்டாவ.

அன்னைக்குப் போட்டோ எடுத்த பய
கையால என்னைய வெலக்குனான்.
"எக்கா, செத்த தள்ளி நில்லுங்க.
படத்துல விழுதிய."

கையில வாளியோட
நவுந்தேன்.